ஈஸ்ட் ஹாமுக்கு வந்த இத்தாலி விளக்கு

“விளக்கு இன்னும் உங்களோடதான் இருக்கோ?”

கொழும்பிலிருந்து சிவனேஸ்வரி கேட்டாள். ஈஸ்ட் ஹாம் ஸ்டேசனுக்குப் பக்கத்து டெலிபோன் பெட்டிக்குள் நின்ற யோகலிங்கம் ரிசீவரைக் காதோடு இறுக்கிப் பிடித்தான். விசா கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிளேன் வந்து இறங்குகிறது. ஆறு வருஷப் பிரிவு முடியப்போகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு மனுசி முதலில் கேட்பது விளக்கை!

“ஓமோம். அது வேறெங்க போகப்போகுது?” என்றான்.

மறுபக்கத்தில் ஆரோ இருமுவது கேட்டது. அவள் தங்கியிருந்த வெள்ளவத்தை லொட்ஜில் டெலிபோன் இருப்பது முதலாளியின் மேசையில். விசாவுக்குக் காத்திருக்கிற சனம் சுற்றிவர வாங்கில் இருந்து, அடுத்தவர் கதையைக் காது குடுத்துக் கேட்டுத்தான் பொழுதைப் போக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒரு பெண் புருஷனோடு மனம்விட்டுக் கதைக்க ஏலுமோ?

“நான் வரேக்கையும் இருக்குமோ?”

“கட்டாயம் இருக்கும். நீர் கதவைத் திறந்தவுடனை முதல் காணப்போறதே அதைத்தான்.”

“சரி. அப்ப நேரில வந்தே பாக்கிறன்” என்று அவள் டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

பாவம், சந்தோஷத்தில் கதை வரவில்லைப்போல என்று யோகலிங்கம் நினைத்தான். அவன் எதையும் அப்படித்தான் நினைப்பான். தங்கமான மனுஷன். ஆனால் ஒரு விஷயத்தை நேராக வைத்தாலும் அதைத் தலைகீழாகப் பார்க்கிற கண் அவனுக்குக் கடவுள் குடுத்தது.

பிரச்சினை என்னவென்றால், அந்த விளக்கு அவனுடையதில்லை.

கிழமை நாட்களில் அவனுக்குப் பெற்றோல் ஸ்டேசனில் வேலை. சனிக்கிழமைகளில் ஹைகேற்றில் ஒரு இத்தாலிக்காரியின் வீட்டைக் கூட்டித் துடைப்பான். எல்லோரும் அவவை “சினோரா” என்று கூப்பிட்டதால் அதுதான் பெயர் என்று நினைத்து, “மிஸிஸ் சினோரா” என்று மரியாதையாகக் கூப்பிடுவான். அவவும் திருத்தவில்லை. இளம் வயதில் மேசை விளக்குகளுக்கு வடிவம் கீறிக்குடுத்துப் பேர் எடுத்தவ. வீட்டு முன்னறையில் ஒன்று வைத்திருந்தா. ஐம்பதுகளில் செய்தது. புகைநிறக் கண்ணாடியில் ஒரே மூச்சாக வாயால் ஊதின விளக்கு. குடம் மாதிரி வயிறு, மேலே ஒடுங்கின வாய், உள்ளே அடியில் ஒரு பல்ப். ஸ்விட்சைப் போட்டால் மாலை வெயில் அறைக்குள் வந்து இருந்ததுபோல இருக்கும்.

அந்தக் காலத்தில் லண்டனுக்கு வந்த எங்கட பெடியள் ஊருக்குப் படம் அனுப்புகிற விதமே தனி. ஆரோ நிறுத்திவிட்டுப்போன காரில் சாய்ந்துகொண்டு ஒரு படம். ஆரோ வீட்டு டிவிக்கு மேலே கையை வைத்து ஒரு படம். ஊரில் இருக்கிறவர்களும் காரைப் பார்த்து, டிவியைப் பார்த்து, கடைசியாகத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். யோகலிங்கம் தேர்ந்தெடுத்தது விளக்கை. கூட இருக்கிற கிறிஸ்துராஜாவின் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, விளக்குக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். சினோராவே கமராவைப் பிடித்து எடுத்துக் குடுத்தா. படத்தின் பின்பக்கத்தில் “நானும் எங்கட வீட்டு விளக்கும்” என்று எழுதி அனுப்பினான்.

கலியாணம் கட்டி ஒன்றரை மாதம்கூடச் சேர்ந்திருக்கவில்லை. அவளுக்கு அனுப்ப அவனிடம் வேறென்ன இருந்தது? இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வருகையில் ஜன்னல்களுக்குள் தெரிகிற குடும்பங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவன், அந்தப் பெருமூச்சையா அனுப்ப ஏலும்? விளக்கை அனுப்பினான்.

படம் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் கோலிலேயே அவள் சொன்னாள், “விளக்கை வடிவாய்ப் பாத்தன்.”

“பாத்தீரோ! எப்பிடி?”

“என்னத்தைச் சொல்ல. வடிவுதான். எங்கத்தையான்?”

“இத்தாலி.”

“ம்... கன காலமோ?”

“நான் வந்து ரெண்டாம் வருஷத்திலயிருந்து.”

“நல்லாய்க் கவனிக்கிறியளாக்கும்.”

“கவனிக்காமல்? கையில எடுத்துத் துடைச்சு மினுக்கித்தான் வைப்பன். தொட்டால் பட்டு மாதிரி.”

அன்று லைன் தானாக அறுந்துவிட்டது என்றுதான் யோகலிங்கம் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோலிலும் விளக்கு வந்தது. “விளக்கை நினைச்சால் எனக்கு நித்திரை வருகுதில்லை” என்று ஒருமுறை சொன்னாள். அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஊரில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் இருந்த பிள்ளை, எவ்வளவு ஆசைப்படுகிறாள்! “யோசியாதையும். நீர் வந்தபிறகு நீரும் நானும் விளக்குமாய்ச் சந்தோஷமாய் இருப்பம்” என்று ஆறுதல் சொன்னான். அதற்கும் லைன் அறுந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை அவள் வருகிறாள். விளக்கு ஹைகேற்றில் இருக்கிறது.

“கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோவன் அண்ணை. ஒரு கிழமைக்குத்தானே” என்றான் கிறிஸ்துராஜா.

கிறிஸ்துராஜா மன்னார்க் கத்தோலிக்கன். சாமான் ஏற்றுகிற வான் ஓட்டுகிறவன். சனி ஞாயிறுகளில் இந்துக் கலியாணங்களுக்கு மணவறை சோடிக்கிறவனும் அவன்தான். “அப்பன் முருகன் எனக்குத்தான் படியளக்கிறார்” என்று சொல்லிவிட்டு ஞாயிறு காலமை பூசைக்குப் போவான்.

யோகலிங்கம் போய்க் கேட்டான். வாசலிலிருந்து முன்னறை வரைக்கும் மூன்றுதரம் துடைத்துவிட்டு, துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி, “மேடம், மை வைப் கம்மிங். ஷீ லவ் யுவர் லாம்ப்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சினோரா அவனை ஒருதரம் பார்த்தா, விளக்கை ஒருதரம் பார்த்தா.

“உன் மனைவி இதைப் பார்த்ததே இல்லையே?”

“போட்டோவில் பார்த்தா, மேடம்.”

“போட்டோவில் பார்த்தே காதலா?” என்று சினோரா சிரித்தா. “கொண்டு போ. ஆனால் பல்ப்பை மாற்றாதே. உள்ளே கை விடாதே. அந்த வாய்க்குள் என் கை மட்டும்தான் போய் வரும்.”

இவ்வளவு சுகமாக முடியும் என்று அவன் நினைக்கவில்லை. கம்பளியால் சுற்றி, குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்து, டிஸ்ரிக்ட் லைன் ரெயினில் இருந்துகொண்டு வந்தான். எதிரே இருந்த ஒரு வெள்ளைக்காரி, பிள்ளைக்கு மூச்சு முட்டும், முகத்தைத் திறந்துவிடு என்று சத்தம் போட்டுவிட்டு இறங்கிப்போனாள்.

அறைக்குள் கொண்டுவந்து வைத்தபிறகுதான் அடுத்த பிரச்சினை தெரிந்தது. அறையில் ஒரு மெத்தை, ஒரு ஹீற்றர், சுவரில் கடைக்காரன் குடுத்த கலண்டர். அவ்வளவுதான். படத்தில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சோபா இருந்தது.

“இப்பிடி வைச்சால் களவெடுத்துக்கொண்டு வந்து ஒளிச்சுவைச்ச மாதிரியெல்லோ இருக்கு” என்று கிறிஸ்துராஜா தலையைச் சொறிந்தான். “பொறுங்கோ அண்ணை, சோபாவுக்கு நான் வழி பண்ணுறன்.”

வியாழக்கிழமை பின்னேரம் வானில் வழியோடு வந்து இறங்கினான். சிவப்பு வெல்வெட், தங்கப்பூச்சு, இரண்டு பக்கமும் அன்னப்பட்சி, தலைக்கு மேலே தாமரை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மணவறைக் கதிரை.

“டேய், இது சோபாவோடா?”

“ரெண்டுபேர் இருக்கலாம். மெத்தை இருக்கு. பிறகென்ன? சனிக்கிழமை பத்து மணிக்கு அப்டன் பார்க்கில கலியாணம், அதுக்கு முன்னம் எடுத்திடுவன்.”

கதிரை அறைக்குள் போகவில்லை. படியடியில் இறுகிவிட்டது. கடைசியில் கீழ் முன்னறையில், வீட்டுக்காரி செல்வமலர் அக்காவின் முன்னறையில், அவவின் டிவியைக் குசினிக்குத் தள்ளிவிட்டு வைத்தார்கள். பக்கத்தில் ஒரு முக்காலியில் விளக்கு. செல்வமலர் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தா.

“பெட்டை வாறாள், நல்லது. அதுக்கு வீட்டைக் கலியாண ஹோலாக்கவேணுமே, தம்பி?”

“நாளைக்கு ஒருநாள் அக்கா. அவள் பயணக் களைப்போட வரேக்கை இதைப் பாத்துச் சந்தோஷப்படவேணும். வேற எனக்கு ஒண்டும் வேண்டாம்” என்றான் யோகலிங்கம். குரல் தளதளத்துவிட்டது.

செல்வமலர் அக்காவுக்கு வாய்தான் கறுப்பு, மனசு வெள்ளை. “சரி சரி, அழாதை. நான் எல்லாம் வடிவாய்ச் செய்து வைக்கிறன்” என்றா.

வெள்ளிக்கிழமை காலமை தலைமயிர் வெட்டப் போகிற அவசரத்தில் அவன், “அக்கா, விளக்கை மட்டும் துடைச்சு ஆயத்தப்படுத்தி முன்னால வைச்சுவிடுங்கோ” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அங்கேதான் எல்லாம் பிழைத்தது.

திரும்பி வந்தபோது முன்னறை வாசலில் கம்பளம் விரித்து, இரண்டு பக்கமும் பித்தளைக் குத்துவிளக்குகள் பளபளவென்று எண்ணெயும் திரியுமாக நின்றன. நடுவில், தலைவாழை இலையில், நெல்லுக்குப் பதிலாக பசுமதி அரிசி பரப்பி, அதற்கு மேலே சினோராவின் விளக்கு. வயிறு நிறையத் தண்ணீர். வாயில் ஐந்து மாவிலை. மாவிலையின் மேல் முடித் தேங்காய். கழுத்தில் மூன்று குறி திருநீறும் ஒரு குங்குமப் பொட்டும்.

யோகலிங்கம் தலையில் கையை வைத்தான்.

“எப்பிடி?” என்றா செல்வமலர் அக்கா பெருமையாக. “நிறைகுடம் வைக்காமல் பொம்பிளையை உள்ளுக்கு எடுக்கிறதே? என்ர குடத்தைப் போன மாதம் ஒரு பெட்டையின்ர சாமத்தியவீட்டுக்குக் குடுத்தது இன்னும் வரேல்லை. கடவுள் பாத்துத் தந்த மாதிரி உந்தக் கண்ணாடிக் குடம் கிடந்தது.”

“அக்கா... அதெல்லோ விளக்கு!”

“விளக்கு ரெண்டும் அந்தா இருக்கு. புளி போட்டு மினுக்கின கை இன்னும் எரியுது.”

“இல்லை அக்கா, இதுதான் விளக்கு! இத்தாலி விளக்கு! இதுக்குள்ள பல்ப் இருந்ததெல்லே?”

“ஓம், ஆரோ விசரன் குடத்துக்குள்ள பல்ப்பைப் போட்டு வைச்சிருந்தான். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையின்ர கையை விட்டுக் கழட்டிப்போட்டன். வாலும் ஒண்டு தொங்கிச்சுது. சுருட்டிப் பின்னால ஒளிச்சிருக்கிறன்.”

யோகலிங்கம் தேங்காயைத் தூக்கினான். மாவிலையைப் பிடுங்கினான். தண்ணீரைக் குசினியில் கொண்டுபோய் ஊற்றினான். அதற்குள்ளேயே அடியால் ஒழுகத் தொடங்கியிருந்தது. உள்ளே பல்ப் மாட்டுகிற இடத்தில் ஈரம். இந்த ஈரத்தோடு கரண்டைக் குடுத்தால் வீடே போய்விடும். துடைக்கவேணும். இப்போதே துடைக்கவேணும். ஒரு கைத்துவாயை எடுத்து, கையோடு சேர்த்து விளக்கின் வாய்க்குள் விட்டான்.

கை போனது. நன்றாகத் துடைத்தான். திருப்பித் திருப்பித் துடைத்தான். கையை எடுத்தான்.

கை வரவில்லை.

“இழுங்கோ அண்ணை” என்றான் கிறிஸ்துராஜா, எயார்போட்டுக்குப் போக வானின் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தவன்.

“இழுத்தால் உடையும்!”

“சவுக்காரம் போடுங்கோ.”

சவுக்காரம் போட்டார்கள். தோல் எரிந்தது, கை வீங்கியது, வரவில்லை. செல்வமலர் அக்கா தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்து, “பொறு, இடியப்ப உரலுக்கே நான் இதைத்தான் விடுறனான்” என்று சொல்லி மணிக்கட்டைச் சுற்றி ஊற்றினா. இப்போது கை வழுக்கியது. உள்பக்கமாக வழுக்கியது. முன்னம் மணிக்கட்டில் நின்ற கண்ணாடி இப்போது அதற்கும் மேலே ஏறி நின்றது.

“ஒண்டு செய்வம். சின்னதாய்ச் சுத்தியலால ஒரு தட்டு...” என்றான் கிறிஸ்துராஜா.

“உனக்கென்ன விசரோடா? இவ்வளவு காலமும் அவள் கேட்டுக்கொண்டிருந்த விளக்கு!”

“அப்ப பிளேனுக்கு என்ன சொல்லுறது? நிண்டு வரச் சொல்லுறதோ?”

யோகலிங்கம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். இன்னும் நின்றால் பிந்திவிடும். இந்தக் கோலத்தோடு எயார்போட்டுக்குப் போனால் பொலிஸ்காரன்தான் முதலில் வரவேற்பான்.

ஆறு வருஷமாக அவன் மனசுக்குள் எயார்போட்டில் நின்றுகொண்டிருந்தான். எந்தக் கதவால் அவள் வருவாள், எந்தக் கையால் அவளுடைய சூட்கேசை வாங்குவான், “களைச்சுப்போனீரோ” என்று முதலில் கேட்பதா, ஒன்றும் சொல்லாமல் நிற்பதா, எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். பெற்றோல் ஸ்டேசன் கவுண்டருக்குள் நின்றுகொண்டு வெறும் காற்றைப் பார்த்துச் சிரித்ததைக் கண்டு மனேச்சர் எச்சரித்ததும் உண்டு. இப்போது அவள் அந்தக் கதவால் வருகிறபோது அவன் அங்கே இல்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்க ஒரு கைதான் இருந்தது.

“நீ போய்க் கூட்டிக்கொண்டு வா, ராஜா” என்றான்.

“நீங்கள் ஏன் வரேல்லை எண்டு கேட்டால்?”

“பொய் சொல்லாதை. பொய் சொல்லித்தான் இவ்வளவும். விளக்கை விட்டிட்டு வர ஏலாமல் கிடக்குது எண்டு உள்ளதைச் சொல்லு.”

“சரி, அப்பிடியே சொல்லுறன்” என்று கிறிஸ்துராஜா போய்விட்டான்.

யோகலிங்கம் இடது கையால் ஹைகேற்றுக்கு டெலிபோன் அடித்தான்.

“மேடம், மை ஹாண்ட் இஸ் இன் யுவர் லாம்ப்.”

சினோராவும் முதலில் கேட்டது விளக்கைத்தான்.

“உடைந்ததா?”

“லாம்ப் ஓகே, மேடம். ஹாண்ட் நொட் ஓகே.”

“அட்ரஸைச் சொல். அசையாமல் இரு.”

டாக்சியில் வந்து இறங்கினா. கையில் ஊன்றுகிற பொல்லு, தலையில் பஞ்சு மாதிரி வெள்ளை மயிர், கழுத்தில் சிவப்புச் சால்வை. வாசலில் குத்துவிளக்குகளைப் பார்த்தா, வாழை இலையைப் பார்த்தா, தன் விளக்கின் கழுத்தில் இருந்த குங்குமப் பொட்டைப் பார்த்தா. யோகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

“தேங்காய் மணக்கிறது” என்றா சினோரா. “நாற்பது வருஷத்தில் இதற்கு யாரும் இப்படி அலங்காரம் செய்ததில்லை.”

“சொறி, மேடம். சொறி, சொறி.”

“வீக்கம் வற்றவேணும். கையை உயரப் பிடி. நான் விளக்கைத் தாங்குகிறேன். எங்கே இருக்கலாம்?”

முன்னறையில் இருக்கிறதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. யோகலிங்கம் மணவறைக் கதிரையின் வலதுபக்கத்தில் இருந்தான். சினோரா இடதுபக்கத்தில் இருந்து, அன்னப்பட்சியின் தலையைத் தடவி, “அற்புதம்” என்றா. ஒரு கையால் விளக்கின் அடியைத் தாங்கி, மற்றக் கையால் அவன் முழங்கையைப் பிடித்து உயர்த்தினா. செல்வமலர் அக்கா ஒரு தேத்தண்ணியைக் குடுத்துவிட்டு, குசினிக்குள் நின்று சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தா.

“இந்த வாயை ஏன் இவ்வளவு ஒடுக்கமாகக் கீறினேன் தெரியுமா?” என்று சினோரா கேட்டா.

“பஷன், மேடம்?”

“பத்திரிகைக்காரர்களுக்கு அப்படித்தான் சொன்னேன். நான் கீறுகிறவள். ஊதுகிறவன் வேறொருவன். நெருப்புக்கு முன்னால் நிற்கிறவன், யாரோடும் கதைக்கமாட்டான். என் கை மட்டும் போகிற அளவுக்கு வாய் வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அளவு எடுக்க அவன் என் கையைப் பிடிக்கத்தானே வேண்டும்? அதற்காகவே கீறின விளக்கு இது.”

“பிடிச்சாரோ?” என்று யோகலிங்கம் தமிழிலேயே கேட்டுவிட்டான். அவவுக்கு விளங்கியது.

“பிடித்தான். அளவுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தான். பிறகு விளக்கை ஊதித் தந்தான். நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. நான் லண்டனுக்கு வந்து வேறொருவரைக் கட்டினேன். நல்ல மனுஷர். ஆனாலும் பல்ப் மாற்றுகிற நாட்களில் எனக்கு அழுகை வரும்.” சினோரா அவனைப் பார்த்தா. “உன் மனைவியின் கை எப்படி இருக்கும்?”

யோகலிங்கம் சொல்ல வெளிக்கிட்டான். சின்னக் கை. வளையல்... எத்தனை வளையல்? விரல் நீளமா, கட்டையா? தாலி கட்டின அன்று பிடித்த கை. யாழ்தேவி ரயிலில் ஏறுகிற அன்று ஸ்டேசனில் பிடித்த கை. அந்தக் கையின் சூடு ஞாபகம் இருந்தது, கை ஞாபகம் இல்லை.

“மறந்துபோச்சு, மேடம்” என்று சொல்லி விம்மி அழுதான். “அவள் என்ர முகத்தை மறந்திருப்பாள். விளக்கைத்தான் கேக்கிறாள். ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை.”

சினோராவுக்குத் தமிழ் தெரியாது. அழுகை எல்லாப் பாஷையிலும் ஒன்றுதானே. அவனுடைய தோளில் தன் தலையைச் சாய்த்து, முழங்கையைத் தட்டிக்கொடுத்தா.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்தது.

கிறிஸ்துராஜாவின் பெரிய குளிர் ஜக்கெற்றுக்குள் சேலை கட்டிய ஒரு சின்ன உருவம் வாசலில் நின்றது. சிவனேஸ்வரி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நேரே மணவறைக் கதிரை. கதிரையில் அவளுடைய புருஷன். புருஷனுக்குப் பக்கத்தில், பொம்பிளை இருக்கவேண்டிய இடத்தில், அவன் தோளில் தலை சாய்த்தபடி ஒரு வெள்ளைக்காரி. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த விளக்கு.

சிவனேஸ்வரியின் முகம் கறுத்தது. பெட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு எட்டு முன்னுக்கு வந்தாள். சினோரா தலையை நிமிர்த்தி, வாய் நிறையச் சிரித்து, ஒரு கையால் பொல்லைத் தேடினா. சிவனேஸ்வரி அந்த வெள்ளை மயிரைப் பார்த்தாள். சுருக்கங்களைப் பார்த்தாள். பொல்லைப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் மெதுவாக, “இவ ஆர்?”

இஞ்சேருங்கோ! பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற சொல், லொட்ஜ் போனில் நாலுபேர் கேட்க ஒருநாளும் அவள் சொல்லாதது. ஆறு வருஷம் கழித்து அதைக் கேட்டவுடன் யோகலிங்கத்தின் உடம்பு முழுக்கத் தளர்ந்துவிட்டது. இவ்வளவு நேரமும் உள்ளே இறுக்கிப் பிடித்திருந்த துவாயைக் கை விட்டது. விட்டவுடன், எண்ணெய் வழிய, கை சுகமாக வெளியே வந்தது. துவாயைப் பிடித்தபடி இழுத்தால் கை எப்படி வரும் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவன் எழும்பி நின்றான்.

“சிவனேஸ், நான் உமக்குப் பொய் சொல்லிப்போட்டன். விளக்கு என்ரை இல்லை. இவவின்ரை. படத்தில இருந்த வீடும் இவவின்ரை. நான் அங்கை கூட்டித் துடைக்கிறனான். அண்டைக்குப் படம் எடுத்துத் தந்ததும் இவதான். என்னட்டை மேல ஒரு மெத்தையும் ஹீற்றரும்தான் இருக்குது.”

“படம் எடுத்தது... இவவோ?”

“ஓம்.”

“இவவேதானோ? வேற ஒருத்தரும் அங்கை இல்லையோ?”

“வேற ஆர்? தனிய இருக்கிற மனுசி.”

சிவனேஸ்வரி வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று அவன் பதறிப்போனான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து, கண்ணால் தண்ணீர் ஓட, போய்ச் சினோராவின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு, திரும்பி வந்து அவனுடைய எண்ணெய்க் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

“விளக்கு இல்லையெண்டு உமக்குக் கவலை இல்லையோ?” என்று யோகலிங்கம் ஒன்றும் விளங்காமல் கேட்டான்.

அவள் தலையை ஆட்டி ஆட்டி இன்னும் சிரித்தாள். அவளோடு அதே பிளேனில் வந்து, லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் இருக்கிற மகனிடம் போவதற்காகக் கூடவே வந்திறங்கிய கல்யாணசுந்தரம் மாமா, ஊரில் மணிக்கூடு திருத்துகிறவர், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, விளக்கையும் அதற்குப் பக்கத்தில் இருந்த சினோராவையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அட சிவனே, நீர் அனுப்பின படத்தை நான் மணிக்கூடு திருத்திற கண்ணாடியை வைச்சுப் பாக்கேக்கை, அந்த விளக்கின்ர வயித்துக்குள்ள நிழலாய் நிண்டு உம்மைப் படமெடுத்த ஒல்லிப் பெட்டை இந்தக் கிழவியே, தம்பி? இந்தப் பிள்ளை இவ்வளவு காலமும் ‘விளக்கு இருக்கோ, விளக்கு இருக்கோ’ எண்டு உம்மட்டைக் கேட்டது அவளையெல்லோ!”